செயின்ட் லூயிசின் பழைய நீதிமன்றம்

கட்டடங்களுள் சில தம் அழகால் புகழ்பெறும். சில தம்முள் நிகழ்ந்த செயல்களால் புகழ்பெறும். இவ்விரண்டாலும் புகழ்பெற்றது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரின் பழைய நீதிமன்றம். அந்நாட்டு மாநிலங்களுள் பெரும்பாலானவை ‘கவுண்டி’ என்னும் ஆட்சிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டவை. நம் மாவட்டங்களை ஒத்த அத்தகைய ஒரு கவுண்டிக்காக எழுந்ததே இம்மன்றம்.

முதலில் அமைப்பைக் காண்போம். 1816ஆம் ஆண்டில் ஓகஸ்ட் சூட்டோ, ஜான் லூக்காஸ் ஆகிய இருவரும், நீதிமன்றத்திற்கே பயன்படவேண்டும் என்னும் நிபந்தனையுடன் நிலம் வழங்கினர். அங்கு 1828இல் ஒரு செங்கற் கட்டடம் முடிவுற்றது. நகரம் பெருகவே அது போதாதாயிற்று. 1839இல் ஹென்றி சிங்கிள்டன் என்பாரின் வரைபடப்படி புதிய மன்றம் தொடங்கப்பட்டது. நடுவே வட்ட மண்டபம். நாற்றிசையிலும் நான்கு சிறகுகள். மேலிருந்து நோக்கினால் கூட்டல் குறி போன்ற வடிவம். முகப்பிலோ கிரேக்கக் கோயில்களை நினைவூட்டும் தூண்கள். பழைய செங்கற் கட்டடம் சில காலம் கிழக்குச் சிறகாக நின்று, 1850களில் இடிக்கப்பட்டுப் புத்துருவம் பெற்றது.

இதன் மணிமுடி, வில்லியம் ரம்போல்டு அமைத்து 1862இல் நிறைவேறிய கவிமாடம். ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயக் கவிமாடத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. ஆயின் கட்டுமுறை வேறு. கல்லாலோ செங்கல்லாலோ கவிமாடம் எழுப்பினால், அதன் பளு தாங்கும் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதனைத் தடுக்கச் சுவர்கள் மிகப் பருத்திருத்தல் வேண்டும். ரம்போல்டோ இரும்புச் சட்டத்தைக் கையாண்டு, குறைந்த பளுவில் உயர்ந்த மாடத்தை நிறுத்தினார். வாஷிங்டன் தலைநகர மாளிகையின் இரும்புக் கவிமாடமும் அக்காலத்தில்தான் எழுந்துகொண்டிருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். மிசூரி அடிமை முறையை ஏற்றிருந்த மாநிலம். ஆண்டான் ஒருவன் இறந்தால், கடன் தீர்க்கவும் வாரிசுகளுக்குப் பங்கிடவும் அவன் உடைமைகள் இம்மன்றப் படிகளில் ஏலம் விடப்பட்டன. அவ்வுடைமைகளுள் மனிதரும் அடங்குவர். அதே வேளையில், முறைகேடாக அடிமைப்படுத்தப்பட்டோர் விடுதலை கோரி வழக்கிட 1824ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகள் செயின்ட் லூயிசில் தொடுக்கப்பட்டன. ஒரே சட்டத்தின் காவலில் வெளியே விற்பனை, உள்ளே விடுதலை வழக்கு! இம்முரணை விளங்கிக்கொண்டால்தான் இக்கட்டடம் விளங்கும்.

அவ்வழக்குகளுள் தலையாயது டிரெட் ஸ்காட், ஆரியட் ஸ்காட் தம்பதியர் 1846இல் தொடுத்தது. அடிமை முறை தடைசெய்யப்பட்ட இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் ஆட்சிப் பகுதியிலும் டிரெட் ஸ்காட் ஆண்டானுடன் வாழ்ந்தவர். விஸ்கான்சினில்தான் ஆரியட்டை மணந்தார். தடையுள்ள மண்ணில் வாழ்ந்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என்பதே அவர்தம் வாதம். 1847இல் சாட்சியத்தில் நேர்ந்த குறையால் தோற்றனர். 1850இல் இதே மன்றத்துச் சான்றாயத்தினர் அவர்கள் விடுதலை பெற்றோர் எனத் தீர்ப்பளித்தனர். 1852இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிற்று. பின்னர்த் தொடுத்த வழக்கில், 1857 மார்ச் 6ஆம் நாள், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே கூறிற்று. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு உள்நாட்டுப் போருக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு மே மாதம் உரிமை மாறி ஸ்காட் குடும்பம் விடுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அடிமை முறையை ஒழித்த அரசியற் சட்டத் திருத்தம் 1865இல்தான் வந்தது.

1872இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி வர்ஜீனியா மைனர் தொடுத்த வழக்கும் இங்கேதான் தொடங்கிற்று. மணமான பெண் தனித்து வழக்கிடச் சட்டம் இடந்தராமையால் கணவரும் உடன்நின்றார். 1875இல் உச்ச நீதிமன்றத்தில் அவ்வழக்கும் தோற்றது. அவ்வுரிமை அரசியற் சட்டத்தில் இடம்பெற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது.

1877இல் நகரம் கவுண்டியினின்றும் பிரிந்தது. மன்றம் நகரின் உடைமையாயிற்று. 1930இல் வழக்குகள் வேறு கட்டடத்திற்குச் சென்றன. 1940 முதல் கூட்டரசின் காவலில் உள்ள இது, 2025இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வெளியே ஸ்காட் தம்பதியரின் சிலை நிற்கிறது.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், கவிமாடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. படிகளையும் காட்டுதல் வேண்டும். உயர்ந்த மாடம் நீதிக்கு உறுதிமொழி ஆகாது. தோற்ற வழக்கும் பயனற்றுப் போவதில்லை. பின்வருவோர் சட்டத்தைத் திருத்த அது வழிகாட்டும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்தும் கட்டடம் இது.