துபாஷியும் கணிப்பொறியும்

சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் வணிகம் செய்த நாளில் துபாஷிகள் என்போர் இருந்தனர். இருமொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயிடம் 1747 முதல் ஆனந்தரங்கப் பிள்ளை அப்பணி புரிந்தார். சென்னைக்குத் தெற்கே நான் வாழும் கோவளத்திலும் அந்நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் வணிகம் நடத்தினர். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய துபாஷி ஒருவர் உண்டு என்றால் மாணவர்கள் வியப்படையலாம்.

2002இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டாட்நெட் அமைப்பில், சி ஷார்ப் மொழியில் எழுதும் நிரல் ஒரு காவலின் கீழ் ஓடுகிறது. நினைவகத்தை ஒதுக்குவதும், பயன் தீர்ந்தபின் மீட்பதும் அக்காவலின் பொறுப்பு. விண்டோஸ் இயக்க முறைமையோ அக்காவலுக்கு அப்பாற்பட்டது. எழுத்துகளை மட்டும் காட்டும் கன்சோல் திரையை ஆளும் செயற்கூறுகள் அதனிடமே உள்ளன. கெர்னல்32 என்னும் நூலகத்தின் வழியே அவற்றை அழைக்கலாம். செயற்கூற்றின் பெயரையும், அது கேட்கும் பொருள்களின் வகையையும் நிரலில் அறிவித்துவிட்டால், பெயர்த்துச் சொல்லும் வேலையைத் துபாஷி ஏற்றுக்கொள்வார்.

எந்த எழுத்து முறையில் பெயர்ப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. திரையில் எழுதும் ரைட்கன்சோல் என்னும் செயற்கூற்றுக்கு இரு வடிவங்கள் உண்டு. ஏ என முடிவது பழைய குறியேட்டை நம்புவது. டபிள்யூ என முடிவது யுனிகோடை ஏற்பது. நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் துபாஷி முதல் வடிவத்தையே நாடுவார். நம் நாட்டுக் கணிப்பொறிகளில் வழக்கமாக அமைந்துள்ள பழைய குறியேட்டிலோ தமிழுக்கு இடமில்லை. ஆகவே “கோவளம்” என்று அனுப்பினால் ஆறு கேள்விக்குறிகள் வந்து நிற்கும். நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள்தாமே, ஆறு எங்கிருந்து வந்தது? க, ஓகாரக் குறி, வ, ள, ம, புள்ளி என யுனிகோடில் ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி ஆயிற்று. மாலாவும் ராமுவும் நான்கு நான்கு கேள்விக்குறிகளாகி ஒருவரே போல் நிற்பர். அப்பட்டியலை வைத்துக்கொண்டு ஆசிரியர் எவ்வாறு வருகை எடுப்பார்? கேள்விக்குறியிலிருந்து மூல எழுத்தை மீட்கவும் வழியில்லை.

அறிவிப்பிலேயே யுனிகோட் என்று குறித்துவிட்டால், துபாஷி டபிள்யூ வடிவத்தை அழைத்து, ஆறு குறியீடுகளையும் 12 பைட்டுகளாகப் பழுதின்றிச் சேர்ப்பிப்பார். பழைய கன்சோல் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது. கொம்பும் காலும் கொண்ட ‘கோ’ அதில் நெருக்குண்டு தோன்றலாம். அது உருவத்தின் குறையேயன்றி எழுத்தின் இழப்பு அன்று.

மற்றொன்று. நாம் அறிவித்த வகை சரிதானா என்று துபாஷி ஆராய்வதில்லை. பிழையான வகையை அறிவித்தால், காவலுக்கு வெளியே நினைவகம் சிதைந்து, நிரல் நடுவிலேயே நின்றுவிடக்கூடும். தமிழை அச்சிடுவது மட்டுமே நோக்கமாயின், கன்சோலின் வெளியீட்டு முறையை யுனிகோடுக்கு மாற்றும் வசதியை டாட்நெட்டே தருகிறது. அதற்கு மேற்பட்ட தேவைகளுக்கே துபாஷியை நாமே நேரில் அழைக்க வேண்டியிருக்கிறது.