பிரேக் புடிச்சா நிக்கணும்ல பாஸ்!

பிள்ளையார்குப்பத்தில் நின்று நாலு பக்கமும் பாருங்க. கடலூர் ரோடு, மெடிக்கல் காலேஜ், வயல், தென்னை. கொஞ்சம் தள்ளிப் போனால் பாகூர் ஏரி. அந்த ஏரிக்கரை மேட்டை விட்டால் சைக்கிளில் இறங்க வேற இறக்கமே கிடையாது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டவுன்ஹில் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்குவது பற்றிப் பேசினால், "உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்!

ஆனா செமஸ்டர் லீவு விட்டதும் நம்ம பசங்க எங்கே போறாங்க? ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70! ஏறும்போது யாருக்கும் பிரேக் ஞாபகம் வராது. மூச்சு வாங்கவே நேரம் சரியா இருக்கும். இறங்கும்போதுதான் இருக்கு கச்சேரி. சமவெளிப் பசங்களுக்கு ஆபத்து அதிகம் என்பதே என் கட்சி. மலையில் பிறந்தவனுக்கு எங்கே எவ்வளவு பிடிக்கணும் என்று கை பழகியிருக்கும். நமக்கு ஸ்பீடு பிரேக்கர்தான் பெரிய மலை.

அப்படித்தான் ஒரு தடவை நானும் கொல்லிமலையில் இறங்கினேன். பாதி வளைவு வரைக்கும் ஹீரோ. அப்புறம் பின் பிரேக் லீவரை அழுத்தினால் அது பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. சைக்கிள் பாட்டுக்கு ஓடுது! முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி, காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். செருப்பு தேய்ந்தது. மானமும்தான். ஓரமா உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. தப்பு பிரேக்கோடது இல்லை. முதல் வளைவிலிருந்து லீவரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்த என்னோடது. கூடவே, சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து ஆயிலே மாற்றாததும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நீங்க 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 85. 1,000 மீட்டர் உயரம் இறங்குறீங்கன்னு வைங்க. கிட்டத்தட்ட 8 லட்சத்து 33 ஆயிரம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாகணும். 30 டிகிரியில் இருக்கும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். கொஞ்சம் காற்றுத் தடையில் போகும். மீதி பெரும்பாலும் உங்க இரண்டு டிஸ்க்கில்தான் சூடாக இறங்கும். உள்ளங்கை அகல இரும்புத் தட்டு, பாவம், என்னதான் செய்யும்?

இந்தப் பிரச்னை புதுசும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், மரின் கவுன்ட்டியில் 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மண்பாதையில் இறங்கும் போட்டி நடத்தினார்கள். சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம்! பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய காலத்து ஹப் பிரேக்தான் அவர்களிடம் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் அத்தனையும் புகையாகப் போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ரவுண்டு. அப்படித் திரும்ப அடைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பார்கள். போட்டிக்கும் பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. மவுன்டன் பைக் விளையாட்டின் தொடக்கத்திலேயே பிரேக் தீய்ந்த வாசனை அடிக்குது பாருங்க.

சரி, ஹைட்ராலிக்குக்கு வருவோம். ஸ்கூலில் படித்த பாஸ்கல் விதிதான். லீவர் பக்கம் ஒரு சின்ன பிஸ்டன், சக்கரத்துப் பக்கம் காலிப்பரில் பெரிய பிஸ்டன், நடுவில் டியூப் நிறைய திரவம். லீவர் பிஸ்டன் 10 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டன் 22 என்று வைத்தால் பரப்பளவு கிட்டத்தட்ட 5 மடங்கு. விசையும் 5 மடங்கு. அதனால்தான் ஒற்றை விரலால் பிடிக்க முடியுது. கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கில் உராய்வு, துரு, கேபிள் இழுவை எல்லாம் சேர்ந்து விரலைக் களைப்பாக்கிவிடும். ஹைட்ராலிக்கில் பேட் தேயத் தேய பிஸ்டனே கொஞ்சம் கொஞ்சமா முன்னால் நகர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். காலேஜ் போக வர கேபிள் டிஸ்க்கே தாராளம். மலை இறக்கத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எத்தனை பிஸ்டன்?

டவுன்ஹில்லுக்கு நாலு. வாதமே கிடையாது! இரண்டு பிஸ்டன் சாதாரண காட்டுப்பாதைக்கு ஓகே. நாலு பிஸ்டன் காலிப்பரில் பேட் நீளமாக இருக்கும், சூடு பரவ இடம் கிடைக்கும், எவ்வளவு பிடிக்கணும் என்கிற கட்டுப்பாடும் விரலுக்கு நன்றாகத் தெரியும். ஷிமானோவின் செயின்ட், ஸ்ராமின் கோட் எல்லாம் இந்த வேலைக்கென்றே வந்த நாலு பிஸ்டன் சாதி.

அடுத்தது டிஸ்க் சைஸ். 160, 180, 203 மில்லிமீட்டர் என்று வரும். இதைவிடப் பெரிசும் உண்டு. விரல் விசை அதேதான் என்றாலும் 160-லிருந்து 203-க்குப் போனால் பிடிப்பு சுமார் 27 சதவீதம் கூடும். சூடு ஆறுவதும் சீக்கிரம். முன்னால் 203, பின்னால் 180 அல்லது 203 என்பது என் சிபாரிசு. இங்கேதான் நம்ம பசங்க கோட்டை விடுவாங்க. உங்க ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். விலை மலிவான சைக்கிளோடு வரும் ஃபோர்க்கில் 203-ஐ மாட்டினால் பிரேக் நிற்கும், ஃபோர்க் நிற்காது. ஹப் ஆறு போல்ட்டா, சென்டர் லாக்கா என்பதையும் பார்த்துவிட்டு டிஸ்க் வாங்குங்க. இல்லன்னா வீட்டில் சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.

இப்போ முக்கியமான விஷயம், ஆயில். இரண்டு சாதி. ஒன்று டாட் திரவம், கார், பைக்குக்கு ஊற்றும் அதே குடும்பம். இன்னொன்று மினரல் ஆயில். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல். ஹேய்ஸ், ஹோப் பெரும்பாலும் டாட். ஸ்ராம் ரொம்ப காலம் டாட்டிலேயே இருந்துவிட்டு, 2024-ல் வந்த மேவன் போன்ற பிரேக்குகளில் மினரலுக்கு மாறியது. ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் காலி. மூடியில் என்ன எழுதியிருக்கோ அது மட்டும்தான்!

டாட் திரவம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதுசா இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. லீவர் பஞ்சாவது இதனால்தான். நம்ம ஊர் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆகணும். அது பெயின்ட்டையும் அரிக்கும், கையில் பட்டால் உடனே கழுவணும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அது கலக்காமல் அடியில் காலிப்பர் பக்கம் தங்கும். அதனால் அதையும் மறந்துவிட முடியாது. ஹாஸ்டலில் தானே சர்வீஸ் பண்ணுற பசங்களுக்கு மினரல்தான் என் ஓட்டு.

பேட் விஷயத்தில் ரெசின், மெட்டல் என்று இரண்டு. ரெசின் சத்தம் போடாது, சட்டென்று பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் சூடானால் சோர்ந்துவிடும். மெட்டல் கிறீச்சிடும், ஆனா சூட்டையும் சேற்றையும் தாங்கும். மலைக்கு மெட்டல். 'ரெசின் பேட் மட்டும்' என்று எழுதிய டிஸ்க்கில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும், ஜாக்கிரதை. காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுக்கு ஸ்பேர் பேட் கிடைக்குமா?" அவர் யோசிச்சார்னா நீங்களும் யோசிங்க. எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் பேட் கிடைக்காத பிரேக் அலங்காரப் பொருள்தான்.

இன்னொன்று, வெளிநாட்டு சைக்கிளில் பல நேரம் இடது கை லீவர்தான் முன் பிரேக். பைக் ஓட்டிப் பழகிய நமக்கு வலது கைதான் முன். பதற்றத்தில் கை பழகியதைத்தான் செய்யும். வாங்கும்போதே டியூபை மாற்றிப் போடச் சொல்லுங்க.

புது பேட் போட்ட அன்றைக்கே மலைக்குப் போகாதீங்க. இந்த வேலைக்கு நம்ம சமவெளிதான் சொர்க்கம்! வண்டி வராத நேரமாப் பார்த்து, நேரான ரோட்டில் நல்ல வேகத்துக்குப் போய், சக்கரம் லாக் ஆகாமல் அழுத்தி, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவாங்க. முழுசா நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை. பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிசாகப் படிந்து, பிடிப்பு கூடிக்கொண்டே வருவது விரலுக்குத் தெரியும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் டிஸ்க்கைத் துணி போட்டு மூடிக்கோங்க. ஒரு சொட்டு பட்டாலும் பேட் போச்சு. டிஸ்க்கைத் துடைக்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போதும். மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் இருந்தால் அதென்ன என்று அவர்களே சொல்வார்கள்.

மலையில் இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே பலமாகப் பிடித்து, உடனே விட்டுவிடணும். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பையில் ஆரன் க்வின், தொடக்கத்திலேயே செயின் அறுந்தும் ஒரு மிதி மிதிக்காமல் ஜெயித்தார். வேகத்தை வீணாக்காமல் பிரேக் பிடிக்கத் தெரிந்த கை அது!

கடைசியா, பஸ் டாப்பில் சைக்கிள் ஏற்றுகிறவர்களுக்கு. சக்கரத்தைக் கழற்றினால் பேட்டுக்கு நடுவில் ஒரு அட்டையை மடித்துச் செருகிவிடுங்க. யாராவது விளையாட்டா லீவரை அமுக்கிவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தலைகீழா வந்த சைக்கிள் என்றால் நிமிர்த்தி வைத்து லீவரைப் பத்துத் தடவை அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா கிளம்புங்க. பஞ்சு மாதிரி இருந்தா அடுத்த பஸ்ஸில் சைக்கிளோட சேர்ந்து நீங்களும் கீழே இறங்குங்க.