வாழையும் பரம்பரையலகும்

குலம் தழைக்க வாழ்த்தும் தமிழர் ‘வாழையடி வாழையாக’ என்பர். தாய்மரத்தின் அடியிலிருந்து குட்டி எழும். தாய் குலைதள்ளி மடிய, குட்டி அதனிடத்தைப் பெறும். இவ்வழக்கினுள் தாவரவியல் உண்மையொன்று பொதிந்துள்ளது. குட்டி தாயின் பிள்ளையன்று. தாயே மீண்டும் எழுந்தது எனலாம். தாயின் பண்புகள் யாவும் அதற்கு உண்டு. தாயை வீழ்த்தும் நோய் அதனையும் வீழ்த்தும்.

காட்டுவாழையின் கனி விதை நிறைந்தது, உண்ணுதற்கு ஏலாது. இன்று உண்ணப்படும் வாழைகளிற் பெரும்பாலானவை நிறமூர்த்தத் தொகுதிகள் மூன்று உடையவை. இலிங்கக் கலங்கள் தோன்றும்போது மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய இயலாமையால் விதை உண்டாவதில்லை. விதையின்மை உண்பார்க்கு நலம். நல்லினம் ஆக்க முயல்வார்க்கோ பெருந்தடை. நெல்லிலே போலக் கலப்புமுறையால் நோயெதிர்ப்பைப் புகுத்துதல் இங்கே மிக அரிது.

இதன் விளைவை 20ஆம் நூற்றாண்டு கண்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான குரோ மிசெல் என்னும் இனத்தைப் பனாமா நோய் அழித்தது. மண்ணில் வாழும் பியூசேரியம் என்னும் பங்கசு வேர்வழியே புகுந்து, நீரைக் கொண்டுசெல்லும் காழ்க்கலன்களை அடைத்துவிடும். இலைகள் மஞ்சளித்து மடிந்து தொங்க, மரம் பட்டுப்போகும். பங்கசின் வித்திகள் பல்லாண்டுகள் மண்ணிற் கிடக்குமாதலின், இது மருந்து தெளித்துத் தீர்க்கும் நோயன்று. 1960ஆம் ஆண்டளவில் தோட்டமுடையோர் குரோ மிசெலைக் கைவிட்டு, அந்நோய்க்கு இடங்கொடாத கவெண்டிசு இனத்தை நட்டனர். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் கண்ணாடி வீட்டில் வளர்ந்து, அவர் குடும்பப் பெயரைப் பெற்ற இவ்வினமே இன்று ஏற்றுமதியாகும் வாழையில் ஏறக்குறைய முழுவதுமாகும். ஓரினத்தை நம்பிக் கெட்டவர் மீண்டும் ஓரினத்தையே நம்பியது வியப்பே.

அப்பங்கசின் வேறொரு வகை, வெப்பவலய நான்காம் வகை எனப்படுவது, கவெண்டிசையும் விட்டுவைப்பதில்லை. ஆசியாவிற் பரவிய அது 1997இல் அவுஸ்திரேலியாவின் வட ஆள்புலத்திலும், 2015இல் குயீன்சுலாந்திலும், 2019இல் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது.

இதற்கு விடை காட்டிற் கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவுக்குரிய மலாக்கன்சிசு என்னும் காட்டுவாழையுள் இந்நோயை எதிர்ப்பன உண்டு. குயீன்சுலாந்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேம்சு டேலும் அவர் குழுவினரும் அதன் ஆர்.ஜி.ஏ.2 என்னும் பரம்பரையலகை மட்டும் எடுத்துக் கவெண்டிசினுட் சேர்த்தனர். சேர்க்கும் பணியைச் செய்தது அக்குரோபற்றீரியம் என்னும் பற்றீரியம். இயற்கையில் இது தாவரத்தின் காயத்தினூடே புகுந்து, தன் பரம்பரைப்பொருளின் ஒரு பகுதியைத் தாவரத்தின் நிறமூர்த்தத்திற் செருகிக் கழலையை உண்டாக்கும். கழலைக்குரிய பகுதியை நீக்கி வேறொரு பரம்பரையலகை வைத்தால் அதனையும் அவ்வாறே கொண்டுசேர்க்கும். இதனை ஏற்கும் கலங்கள் பெறப்படுவதோ வாழைப்பொத்தியின் இளம் ஆண்பூக்களிலிருந்து. அடுக்களையில் வறைக்கு உதவும் பொத்திக்கு ஆய்வுகூடத்திலும் வேலையுண்டு. மாற்றம் பெற்ற ஒரு கலத்திலிருந்தே முழுவாழை வளர்த்தெடுக்கப்படும்.

நோயுற்ற மண்ணில் 2012 முதல் மூன்றாண்டுகள் இவை சோதிக்கப்பட்டன. மாற்றம் பெறாத கவெண்டிசுகளில் மூன்றில் இரண்டு பங்கும் அதற்கு மேலும் நோயுற்றன அல்லது மடிந்தன. ஆர்.ஜி.ஏ.2 பெற்ற வழிகளுள் ஒன்று நோயின்றி நின்றது. 2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா இத்தகைய வாழையைப் பயிரிட அனுமதி அளித்தது. உடனே சந்தைப்படுத்துவதற்கன்றி, நோய் மிகுங்காலத்துக்குக் காப்பாகவே அது வைக்கப்பட்டுள்ளது.

மகரந்தம் பரவி அயற்பயிரைக் கெடுக்கும் என்னும் வழமையான ஐயம், விதையற்ற கவெண்டிசின்மீது வலுவுடையதன்று. வலுவுடைய ஐயம் வேறு. ஒரே பரம்பரையலகை அரணாகக் கொண்டு பெருந்தோட்டம் முழுவதும் ஓரினமே நிற்குமாயின், பங்கசு நாளடைவில் மாறி அவ்வரணைக் கடத்தல் கூடும். பலவின வாழைகளை நடுதலை இவ்வாராய்ச்சி தேவையற்றதாக்கவில்லை.

அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட மற்றொரு செய்தியும் உண்டு. ஆர்.ஜி.ஏ.2ஐ ஒத்த பரம்பரையலகு கவெண்டிசினுள் முன்னமே உள்ளது. நோயை மிகுதியாக எதிர்த்த வழியிற் காண்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்களவே அது தொழிற்படுகின்றது. அயற்பொருள் எதனையும் சேர்க்காது, உறங்கும் அவ்வலகையே தட்டியெழுப்பும் வழியை இப்போது அக்குழுவினர் நாடுகின்றனர்.