தரைமட்ட மின்சாரப் பாதை

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் மின்சாரம் இன்று இன்றியமையாத சாதனமாகிவிட்டது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குறுவைக்கு நீர் இறைப்பதும், நெல் அரைப்பதும், வீட்டில் விளக்கெரிவதும் அதனாலேயே நடைபெறுகின்றன. அச்சக்தியைக் கொணரும் கம்பி எவ்வழியாக வரவேண்டும் என்பது கிராமவாசிகள் யாவரும் சிந்திக்கத்தக்க விஷயமாகும்.

வழிகள் மூன்று உண்டு. கம்பத்தின் மேல் கட்டுவது முதல் வழி. இதற்குச் செலவு குறைவு. பழுதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதன் தீங்கை இப்பிரதேசம் நன்கறியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியம் அருகே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சைக்கு அருகேயுள்ள களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர்.

மண்ணுக்குள் வடம் புதைப்பது இரண்டாவது வழி. 11,000 வோல்ட் வடத்தைச் சுமார் மூன்றடி ஆழத்தில் மணல் பரப்பி வைத்து, மேலே செங்கல் அடுக்கி மூடுவது வழக்கம். காற்றும் தேரும் அதனைத் தொடா. ஆயினும் செலவு பன்மடங்காகும். ஊற்றெடுக்கும் களிமண்ணில் பள்ளம் சரியும். பழுது நேர்ந்தால் இடத்தைத் தேடிக் கண்டறிந்து தோண்டவேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது வழி. வலுவான உறையிட்ட வடத்தைத் தரைமீது ஒரு தொட்டியில் கிடத்திக் கனமான மூடியால் மூடிவிடுவதே அது. ரயில் பாதையோரத்தில் சமிக்ஞை வடங்கள் செல்லும் கான்கிரீட் தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கஜா வீசுவதற்கு எட்டு நாள் முன்பு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மின்கம்பிப் பழுதினால் மூண்ட காட்டுத் தீயில் 85 பேர் மடிந்தனர். அதன் பின்னர் அந்நாட்டில் தரைமட்ட முறையும் பரீட்சிக்கப்பட்டது. பாறை நிலத்தில் பள்ளம் தோண்டுவது கடினமாதலால் இம்முறை அங்கே நாடப்பட்டது.

தஞ்சைத் தரணியில் தடையாவது பாறையன்று, நீரே. ஆதலால் அம்முறையை அப்படியே ஏற்பது தகாது. சேறாக்கி உழும் வயலுக்குள் தொட்டி வைத்தால் உழவும் பாய்ச்சலும் தடைப்படும். களிமண் ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிப்பதால் தொட்டியின் இணைப்புகளும் பெயரும். உயரமான சாலையின் ஓரமே இதற்கு ஏற்ற இடம். அங்கும் சில நிபந்தனைகள் அவசியம்:

மழைநீர் குறுக்கே வடிவதற்குத் தொட்டியின் கீழ் வழி விடவேண்டும். வண்டியும் அறுவடை இயந்திரமும் வயலில் இறங்கும் துறைகளில் வடத்தைக் குழாய்க்குள் இட்டு நிலத்தடியில் செலுத்தவேண்டும். இருண்ட வெற்றிடத்தில் எலி வளை கட்டி உறையைக் கடிக்குமாதலால் தொட்டியை மணலால் நிரப்பவேண்டும். வடத்தின் சூடு வெளியேறவும் மணல் உதவும். வடங்கள் இணையும் பெட்டிகளை வெள்ள மட்டத்துக்கு மேல் மேடையில் நிறுத்தவேண்டும். மூடிகள் பூட்டுடையனவாயிருத்தல் வேண்டும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் பள்ளம் தோண்டுவது எளிது. அங்கே புதைப்பதே மேல். தேர் ஓடும் வீதிகளிலும், சக்கரத்தின் பாரத்தை உத்தேசித்து, ஆழப் புதைப்பதே தக்கது. பரந்த வயல்வெளியில் கம்பமே நீடிக்கும். ஆனால் அதன் உயரத்தைக் காக்கவேண்டும். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் சாலையைக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிக்கு 20 அடி உயரம் விதித்தன. சாலையை மேலும் மேலும் மண்ணிட்டு உயர்த்தினால், கம்பி அசையாமலேயே அவ்வுயரம் குறைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு கிராமத்தாரும் தேர் செல்லும் வழி, இயந்திரம் இறங்கும் துறை, தாழத் தொங்கும் கம்பி ஆகியவற்றைக் குறித்து, விழாவுக்கும் அறுவடைக்கும் முன்னரே மின்சார அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் நலம். உயரத்தை அறியும் ஆவலில் எவரும் கழியை நீட்டி அளக்க முற்படலாகாது. அளக்க வேண்டியவர் மின்சார ஊழியர். அளக்கும்படி கேட்க வேண்டியவர் கிராமத்தார்.