கோல்டெண்டிங் (கூடைப்பந்தாட்டம்)

கோல்டெண்டிங் என்பது கூடைப்பந்தாட்டத்தில், கூடையை நோக்கி எறியப்பட்ட பந்தை விதிக்குப் புறம்பாகத் தொட்டுத் தடுக்கும் விதிமீறல் ஆகும். பலரும் இதை ஃபவுல் என்று கருதுவதுண்டு. ஆனால் இரண்டும் வேறு. ஃபவுலுக்கு நடுவர் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் உடல் மோதலைக் கவனிக்கிறார். கோல்டெண்டிங்குக்குப் பந்து இருக்கும் இடத்தைக் கவனிக்கிறார்.

வரலாறு

1940களின் தொடக்கத்தில் ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லண்ட் போன்ற மிக உயரமான அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள், 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையத்தின் அருகே நின்று, கூடைக்குள் விழவிருந்த பந்தைத் தட்டிவிட்டனர். குறி தவறாமல் எறிந்தவருக்கும் புள்ளி கிடைக்கவில்லை. எனவே 1944இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ இதைத் தடை செய்தது.

விதி

பந்து முழுவதும் வளைய மட்டத்துக்கு மேலே இருந்து, கூடையை நோக்கிக் கீழிறங்கும்போது, உள்ளே விழும் வாய்ப்பும் இருந்தால் அதைத் தொடக் கூடாது. வளைய மட்டத்துக்கு மேலே பலகையில் பட்டு வரும் பந்துக்கும் தடை உண்டு. மேலேறிக்கொண்டிருக்கும் பந்தைத் தட்டுவது முறையான தடுப்பு.

தடுப்பவர் மீறினால், பந்து கூடைக்குள் விழுந்ததாகவே கருதி 2 அல்லது 3 புள்ளிகள் வழங்கப்படும். தாக்கும் அணியினர் மீறினால் புள்ளி இல்லை. பந்து எதிரணிக்குச் செல்லும்.

ஃபவுலுடன் வேறுபாடு

மேலேறும் பந்தைச் சரியாகத் தட்டிய ஒருவரின் உடல் எறிபவர் மீது மோதினால், அது ஃபவுல் ஆகலாம். எவரையும் தீண்டாமல் கீழிறங்கும் பந்தைத் தொட்டால், அது கோல்டெண்டிங். ஃபவுல் ஆட்டக்காரரின் கணக்கில் சேரும். ஃபிபா ஆட்டங்களில் 5, என்.பி.ஏ ஆட்டங்களில் 6 ஆனால் அவர் வெளியேற வேண்டும். கோல்டெண்டிங் அந்தக் கணக்கில் சேராது.

அமைப்புகளுக்கிடையே வேறுபாடு

ஃபிபா விதிப்படி, களத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டபின் அதைத் தட்டிவிடலாம். என்.பி.ஏ, என்.சி.ஏ.ஏ விதிகளில், பந்து வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக் கூடாது.

2015 சர்ச்சை

2015 மார்ச் 19 அன்று நடந்த என்.சி.ஏ.ஏ ஆட்டத்தில் எஸ்.எம்.யூ அணி 59-57 என முன்னிலையில் இருந்தது. கடைசி விநாடிகளில் யு.சி.எல்.ஏ அணியின் பிரைஸ் ஆல்ஃபோர்ட் எறிந்த மூன்று புள்ளிப் பந்தை யானிக் மொரேரா தொட்டார். நடுவர் கோல்டெண்டிங் என அறிவித்ததால் யு.சி.எல்.ஏ 60-59 என வென்றது, எஸ்.எம்.யூ தொடரிலிருந்து வெளியேறியது. அந்தப் பந்து கூடைக்குள் விழ வாய்ப்பு இருந்ததா என்பதே சர்ச்சை. அன்றைய விதிப்படி இத்தீர்ப்பைக் காணொளியில் மறுபரிசீலனை செய்ய இடமில்லை. நடுவர் கண நேரத்தில் கண்டதே முடிவானது.