துளை போட்டால் விஷம்!

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூஜைப் பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஸ்படிகம், துளசி, உருத்திராட்சம் என ஜெபமாலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரு மாலையில் 108 மணிகள். கூடுதலாக ஒரு மேரு மணி. ஜெபிப்பவர் மேருவைத் தாண்ட மாட்டார். அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்து மீண்டும் தொடங்குவார். எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்ளும். மனம் மந்திரத்திலேயே நிற்கும்.

உருத்திராட்சம் என்றால் உருத்திரனின் கண். சிவபெருமானின் கண்ணீர்த் துளியே மரமானது என்பது புராணம். தாவரவியலில் அது எலியோகார்ப்பஸ் இன மரம். பழம் பளிச்சென்ற நீலம். ஆனால் தோலில் நீல நிறமியே கிடையாது! நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நீலம் அது. நாம் கோக்கும் மணி, மாங்கொட்டையைப் போன்ற கெட்டியான உள்ளோடு. விதை அதற்குள்ளே இருக்கிறது. மேலே ஓடும் கோடுகளை எண்ணித்தான் ஐந்து முகம், ஆறு முகம் என்கிறோம். அதன் நடுவே இயற்கையாகவே ஒரு துளைவழி உண்டு.

குன்றிமணிக்கு அந்தத் துளைவழி இல்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பு உடல், கறுப்புப் பொட்டு. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதேதான். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் இதை வைத்துத்தான் தங்கம் நிறுத்தார்கள். இதன் அறிவியல் பெயர் ஏப்ரஸ் பிரிகட்டோரியஸ். இரண்டாவது சொல் பிரார்த்தனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதையும் ஜெபமாலையாகக் கோத்திருக்கிறார்கள்.

இந்த விதைக்குள் ஏப்ரின் என்ற புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வழி திறக்கும். மற்றொன்று உள்ளே புகுந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை ஒன்றன்பின் ஒன்றாக முடக்கும். புரதம் இல்லாவிட்டால் செல் செத்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

ஆனாலும் முழு விதையை விழுங்கிய பலர் தப்பியிருக்கிறார்கள். தோல் அவ்வளவு கெட்டி, செரிக்காமலே வெளியேறிவிடும். மென்றாலோ, ஊசியால் துளைத்தாலோ அந்தக் கவசம் உடைந்துவிடுகிறது. மாலைக்காகப் போடும் துளையே விஷத்துக்கு வாசல்! இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் தோட்டம், தான் விற்ற குன்றிமணிக் கைவளையங்களை 2011இல் திரும்பப் பெற்றது.

மலேசியாவில் இன்னொரு குழப்பம் உண்டு. சாலையோர மரத்திலிருந்து உதிரும், முழுதும் சிவப்பான மஞ்சாடி விதைக்கும் மலாயில் சாகா என்றுதான் பெயர். கொடியில் காய்க்கும் குன்றிமணிக்கும் சாகா என்றுதான் பெயர். மஞ்சாடி அந்த அளவு ஆபத்தானது அல்ல, ஆனாலும் பச்சையாகத் தின்னக் கூடாது. எனவே பெயரை நம்பாதீர்கள். கறுப்புப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

யாராவது குன்றிமணியை மென்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மீதி விதையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாட்டின் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

உருத்திராட்சத்தில் இந்தப் பயம் இல்லை. வியர்வை படிந்தால் கழுவி, நிழலில் உலர்த்தி, துளி எண்ணெய் தடவினால் போதும். நூல் நைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அறுந்து சிதறும் மணி, கைக்குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பிள்ளையாரைக் கரைக்கும் முன் இரண்டு கண்களையும் எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இந்த ஆண்டு பிள்ளையாருக்கு மிளகுக் கண்ணே வைக்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.