பாரிட்டி வட்டை இனங்காணல்

பாரிட்டி வட்டு என்பது பல வன்தட்டுகள் கொண்ட சேமிப்பு வழங்கியில், ஏதேனும் ஒரு வட்டு பழுதானால் அதன் தரவை மீட்டெடுக்க உதவும் தனி வட்டு ஆகும். லைம் டெக்னாலஜி நிறுவனம் 2005 முதல் வெளியிட்டுவரும் அன்ரெய்டு இயங்குதளத்தில் இந்த முறை உள்ளது. வீட்டில் படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைப்போர் பலர் இதைப் பயன்படுத்துகின்றனர்.

அன்ரெய்டில் ஒவ்வொரு தரவு வட்டுக்கும் தனிக் கோப்பு முறைமை உண்டு. பாரிட்டி வட்டுக்கு அது இல்லை. எல்லாத் தரவு வட்டுகளிலும் ஒரே இடத்தில் உள்ள பிட்டுகளை எக்ஸ்ஓஆர் முறையில் சேர்த்துக் கிடைக்கும் விடை மட்டுமே அதில் எழுதப்படுகிறது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால் பாரிட்டி 0. இரண்டாம் வட்டு பழுதானால் எஞ்சிய 1, 1, 0 ஆகியவற்றிலிருந்து இழந்த 0 திரும்பக் கிடைக்கிறது.

எந்த வட்டு எந்த இடத்துக்கு உரியது என்ற விவரம் வழங்கியைத் தொடக்கும் யுஎஸ்பி பென்டிரைவில் பதிந்திருக்கும். காப்புநகல் இல்லாத நிலையில் பென்டிரைவ் கெட்டுப்போனால் வட்டுகளில் தரவு அப்படியே இருக்கும். அவற்றின் இடங்கள் மட்டும் தெரியாமல் போகும். அப்போது ஒரு தரவு வட்டைத் தவறுதலாகப் பாரிட்டி இடத்தில் வைத்து வழங்கியை இயக்கினால், புதிய பாரிட்டி அந்த வட்டின் மேல் எழுதப்படும். அழிந்த கோப்புகளைப் பிறகு மீட்க இயலாது.

கொள்ளளவு ஒரு தடயம். பாரிட்டி வட்டு மிகப் பெரிய தரவு வட்டுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். எனவே 8 டெராபைட் வட்டு ஒன்றும் 4 டெராபைட் வட்டுகள் மூன்றும் இருந்தால் ஐயமில்லை. எல்லாம் ஒரே அளவு என்றால் இது பயன்படாது. எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற லினக்ஸ் பெயர்களையும் நம்ப முடியாது. மறுதொடக்கத்தில் அவை மாறக்கூடும். வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண் மட்டுமே மாறாதது. முன்பு எடுத்த திரைப்பிடிப்பு ஒன்றில் அந்த எண் இருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படி எதுவும் இல்லையெனில், ஒவ்வொரு வட்டையும் வாசிப்பு மட்டும் என்ற நிலையில் ஏற்றிப் பார்ப்பதே வழி. கோப்புறைகள் தெரிபவை தரவு வட்டுகள். ஏற்ற முடியாதது பாரிட்டி. எல்லாவற்றையும் தரவு வட்டுகளாக ஒதுக்கி, பாரிட்டி இடத்தைக் காலியாக விட்டு அன்ரெய்டை இயக்கியும் இதைக் காணலாம். அப்போது ஏற்ற முடியாத வட்டைப் பார்மேட் செய்யலாமா என்று திரை கேட்கும். அதைத் தொடவே கூடாது.

இதில் ஒரு விந்தை உண்டு. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் தொடக்கத்தில் நான்கு பைட் அடையாளம் ஒன்று இருக்கும். ஒரே மதிப்பை ஒற்றைப்படை எண்ணிக்கையில் எக்ஸ்ஓஆர் செய்தால் அதே மதிப்புதான் விடை. ஆகவே மூன்று அல்லது ஐந்து எக்ஸ்எஃப்எஸ் வட்டுகள் இருந்தால் பாரிட்டி வட்டிலும் அதே அடையாளம் தோன்றி, மென்பொருள் அதையும் எக்ஸ்எஃப்எஸ் என்றே காட்டக்கூடும். உள்ளே உண்மையான கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்காமல் முடிவு செய்யலாகாது. ஒரே தரவு வட்டு உள்ள அமைப்பில் பாரிட்டி அதன் நேர்நகலாகவே இருப்பதால் இரண்டுமே திறக்கும்.

2016-இல் வந்த 6.2 பதிப்பு இரண்டாம் பாரிட்டியைச் சேர்த்தது. முதல் பாரிட்டிக்குத் தரவு வட்டுகளின் வரிசை பொருட்டல்ல. இரண்டாவதற்கு வரிசை மாறினால் கணக்கு பொருந்தாது. ஏற்ற முடியாத வட்டுகள் இரண்டு இருந்தால், ஒன்றை மட்டும் முதல் பாரிட்டி இடத்தில் வைத்து, 'பாரிட்டி ஏற்கெனவே சரியானது' என்ற பெட்டியைக் குறியிட்டு, திருத்தம் எழுதாத சோதனையை ஓட்ட வேண்டும். பிழைகள் விரைவாகக் குவிந்தால் அது மற்றொன்று. வட்டுகளை எழுதக்கூடிய நிலையில் ஏற்றியிருந்தால் சரியான வட்டிலும் சில பிழைகள் தென்படும். ஏற்றும்போது கோப்பு முறைமை சிறிது எழுதுவதே காரணம். சரியான வட்டு உறுதியான பிறகு திருத்தும் சோதனை ஒன்றை ஓட்டினால் அவை நீங்கும்.